எட்ட நின்று காணும் கலை

தேரோட்டம் பார்க்கப் பழகாதவர் நம்மிடையே மிகச் சிலரே. தேர் அசைந்து வரும் வீதியில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதை நமக்கு எவரும் ஏட்டில் எழுதித் தந்ததில்லை. ‘சக்கரத்தின் பக்கம் போகாதே, வடத்தின் உட்புறம் நுழையாதே, தேர் திரும்பும் மூலையில் மதிலோடு ஒட்டி நிற்காதே’ என்று பாட்டிமார் கையைப் பிடித்து இழுத்துச் சொன்ன விதிகளே நம்மை இந்நாள்வரை காத்து வந்தன. அவ்விதிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: ஓடுகின்ற தேர் நினைத்த மாத்திரத்தில் நிற்காது. முட்டுக்கட்டை போடுகின்றவனுக்கும் அதனை நிறுத்தச் சில அடி தூரம் வேண்டும். ஆகையால் விலகி நிற்கும் பொறுப்பு தேருக்கன்று, பார்க்க வந்த நமக்கே உரியது.

கடலிலும் ஒரு தேரோட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26ஆந் திகதி, பிற்பகல் ஒரு மணிக்குச் சிட்னித் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகுகள் புறப்பட்டு, தெற்கே தஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரை நோக்கி ஓடும் பந்தயம் அது. தூரம் 628 கடல்மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 1,163 கிலோமீற்றர். அங்கே நான் பந்தயத்தைக் கண்டேன் என்பது உண்மை. அதைவிட, பந்தயத்தைக் காண்பது எவ்வாறு என்பதை ஒன்பது வயதுப் பேரன் முன்னிலையில் வெட்கத்துடன் கற்றுக்கொண்டேன் என்பதே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

முதலில் பந்தயத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், சிட்னியிலுள்ள படகோட்டிகள் சிலர் நத்தார் விடுமுறையில் ஹோபார்ட் வரை உல்லாசப் பயணம் போக எண்ணினர். அப்போது அங்கிருந்த பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜோன் இல்லிங்வேர்த் என்பவரையும் உடன் வருமாறு அழைத்தனர். அதனைப் பந்தயமாக நடத்துவதானால் தாம் வரத் தயார் என்றார் அவர். ஒன்பது படகுகள் புறப்பட்டன. வழியிற் புயல் எழுந்தது. இல்லிங்வேர்த்தின் படகு காணாமற்போய்விட்டது என்றே பலரும் அஞ்சியிருக்க, அதுவே எல்லாவற்றுக்கும் முன்னதாக ஹோபார்ட்டை அடைந்தது. எடுத்துக்கொண்ட காலம் 6 நாள், 14 மணி, 22 நிமிடம். அந்தச் சிறு படகின் பெயர் ‘ராணி’! தென்கடலின் இப்பெரும் பந்தயத்தில் முதன்முதல் வென்ற படகு, நம் பிள்ளைகளுக்கெல்லாம் பொருள் தெரிந்த ஒரு பெயரைத் தாங்கியிருந்தது என்பதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்று அப்பந்தயத்தில் ஓடும் பெரும்படகுகள் 100 அடி நீளமானவை. அவற்றின் பாய்மரங்கள் 40 மீற்றருக்கும் மேலாக உயர்ந்தவை. 2017ஆம் ஆண்டில் ‘கொமான்ச்சி’ என்னும் படகு 1 நாள், 9 மணி, 15 நிமிடம், 24 செக்கனில் ஹோபார்ட்டை அடைந்தது. ‘ராணி’ ஒரு வாரம் எடுத்துக் கடந்த கடலை அது ஒன்றரை நாளுக்குள் கடந்துவிட்டது. இப்பந்தயத்தின் ஐம்பதாவது ஓட்டமான 1994ஆம் ஆண்டு ஓட்டத்தில் 371 படகுகள் ஒருங்கே புறப்பட்டன என்றால், அத்துறைமுகத்தின் காட்சி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

என் தமக்கையின் மகள் சிட்னியில் வாழ்கின்றாள். அவள் வீட்டிற்கு நான் சென்றிருந்த அந்த மார்கழியிலே, “மாமா, கரையிலை நிண்டு பாத்தால் சனத்தின்ரை முதுகுதான் தெரியும். படகிலை போவம்” என்று சொல்லிப் பார்வையாளர் படகொன்றில் எங்களுக்கு இடம் பிடித்துவிட்டாள். நானும், அவளும், அவளுடைய ஒன்பது வயது மகனும் காலையிலேயே துறைமுகத்துக்குச் சென்றோம். இரண்டு தட்டுக்கள் கொண்ட இயந்திரப் படகு அது. அறுபது பேரளவில் ஏறினோம். படகை ஓட்டியவர் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். வெயிலிற் காய்ந்த முகமும் உரத்த குரலும் உடையவர்.

புறப்படுமுன் அவர் ஐந்து நிமிடம் பேசினார். உயிர்காப்பு அங்கிகள் எங்கே இருக்கின்றன, அவற்றை எவ்வாறு அணிவது என்று காட்டினார். படகு அசையும்போது ஒரு கையை எப்பொழுதும் கம்பியிலே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். வாங்கின்மேல் ஏறி நிற்க வேண்டாம் என்றார். யாராவது நீரில் விழக் கண்டால் உரக்கக் கூவி, விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையால் அவரைச் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்றார். அலைகளுக்கிடையே மனிதத் தலை ஒன்று நொடியில் மறைந்துவிடும் என்பதே காரணமாம். கடைசியாக, “எந்தக் காட்சி தோன்றினாலும் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடாதீர்கள். படகை நான் திருப்பித் திருப்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுவேன்” என்றார். பலர் தேநீரிலும் கைத்தொலைபேசியிலும் கவனமாயிருந்தனர். நான் மாத்திரம் பெரிய மனிதன் போல அவ்வறிவுரைகளை ஒவ்வொன்றாகத் தமிழிற் சொல்லிப் பேரனுக்கு விளக்கினேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

அந்த மாநிலத்தின் சட்டப்படி, 8 மீற்றருக்குக் குறைந்த நீளமுள்ள படகு ஓடும்போது அதன் திறந்த பகுதியில் இருக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே ஆகவேண்டும். எங்கள் படகு அதனிலும் பெரியது. ஆகவே சட்டம் வற்புறுத்தவில்லை. ஆயினும் அப்பெண்மணி பிள்ளைகள் எல்லோருக்கும் அங்கியை மாட்டிவிட்டே நங்கூரத்தைத் தூக்கினார். அதன் அருமை பிற்பகலில் எங்களுக்குத் தெரிந்தது.

பாய்மரப் பந்தயத்தைப் பார்க்கப் போகின்றவன் பாய்மரத்தின் இயல்பைச் சிறிது அறிந்திருத்தல் நன்று. நம்மவர்க்கு இது புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் பெருங்கடல்களைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். எனினும் மாணவர்களுக்காகச் சொல்லுகின்றேன்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேரெதிராக ஓடமாட்டாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சரிந்துதான் அதனால் முன்னேற முடியும். எனவே காற்று வரும் திசையிலுள்ள இடத்தை அடைய வேண்டுமானால் வலப்புறம் சிறிது தூரம், பின்னர் இடப்புறம் சிறிது தூரம் என்று மாறி மாறி வளைந்து செல்லவேண்டும். சிட்னியிலோ கோடைகாலப் பிற்பகல்களில் வடகிழக்குக் காற்று வீசுவது வழக்கம். துறைமுகத்தின் வாயிலும் புறப்படும் கோட்டுக்கு ஏறக்குறைய அத்திசையிலேயே உள்ளது. அத்தகைய நாளில் இப்பெரும் படகுகள் நேர்கோட்டிற் போகாமல் துறைமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக வெட்டி வெட்டி ஓடும். ‘அது அந்தப் பக்கம்தானே போகின்றது, நமக்கென்ன’ என்று நாம் நின்றுகொண்டிருக்கும்போதே, 100 அடிப் படகு சட்டென்று திரும்பி நம்மை நோக்கி வந்துவிடும்.

நல்ல காற்றில் அவற்றின் வேகம் மணிக்கு 15, 20 கடல்மைல் வரை ஏறும். அவற்றுக்கு நிறுத்துகருவி கிடையாது. நீருக்குக் கீழே 5 மீற்றருக்கும் மேலாக இறங்கிய அடித்தகடு இருப்பதால் எல்லா இடத்திலும் ஒதுங்கவும் இயலாது. பரந்த பாயின் மறைவில் எதிரே இருப்பதும் ஓட்டுபவருக்கு நன்றாகத் தென்படாது. தேரின் நிலையும் இதுதானே!

போட்டியிடுவோருக்குள்ளேயே இந்த நெருக்கம் எத்துணை இக்கட்டானது என்பதற்கு 2017ஆம் ஆண்டு ஓட்டமே சான்று. வலப்புறத்திலிருந்து காற்றைப் பெற்று ஓடும் படகுக்கே வழி விடவேண்டும் என்பது பாய்மரப் பந்தயத்தின் பழைய விதி. அவ்வாண்டு புறப்பட்டுச் சிறிது நேரத்துக்குள், துறைமுகத்துக்குள்ளேயே ‘வைல்ட் ஓட்ஸ் பதினொன்று’ என்னும் படகு, வழியுரிமை பெற்றிருந்த ‘கொமான்ச்சி’யின் முன்னே திரும்பியது. மோதல் மயிரிழையில் தவிர்ந்தது. ‘வைல்ட் ஓட்ஸ்’ ஹோபார்ட்டை முதலில் அடைந்தும், நடுவர்கள் அதன் நேரத்தோடு ஒரு மணித்தியாலத்தைத் தண்டமாகக் கூட்டினர். முதலிடம் ‘கொமான்ச்சி’க்குப் போயிற்று. கைதேர்ந்தவர்களுக்கே ஒரு நொடித் தீர்மானம் பிழைத்துப் போகுமாயின், இடையிலே புகும் வேடிக்கை பார்ப்பவனின் கதி என்ன?

இதனாலேதான் பந்தயத்தன்று துறைமுகத்தின் நடுப்பகுதியை மிதவைகளால் எல்லையிட்டு, பார்வையாளர் படகு எதுவும் அதனுள் நுழையலாகாது என்று தடை செய்கின்றனர். காவற்படகுகள் அவ்வெல்லையிலே சுற்றி வருகின்றன. எல்லைக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கடமைகள் உண்டு. அவற்றுள் முக்கியமானது மெல்லச் செல்லுதல். ஓர் இயந்திரப் படகு விரைந்து சென்றால் அதன் பின்னே அலை எழுகின்றது. நூற்றுக்கணக்கான படகுகள் அவ்வாறு செய்தால், அவ்வலைகள் ஒன்றோடொன்று மோதிக் கடலைக் குழப்பிவிடும். சிறு படகில் இருப்பவர் அதிற் கவிழக் கூடும். போட்டிப் படகின் வேகமும் அதனாற் கெடும். மேலும், உயர்ந்த படகொன்று காற்று வரும் பக்கத்தில் நின்றால், அதன் மறைவிற் பாய் காற்றிழந்து தொய்ந்துபோகும். ஓராண்டு முழுவதும் உழைத்தவர்களின் பயனை, ஒரு நல்ல புகைப்படத்துக்காக நாம் அறியாமலே கெடுத்துவிடுகின்றோம்.

எங்கள் படகு எல்லை மிதவைகளுக்கு அப்பால் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கையில் ஒரு வேட்டு, ஐந்து நிமிடம் இருக்கையில் மற்றொன்று. போட்டிப் படகுகள் கோட்டுக்குப் பின்னே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. வேட்டுக்கு முன்னே கோட்டைத் தாண்டினாற் குற்றம், பிந்தினால் நட்டம். ஒரு மணிக்குப் பீரங்கி முழங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாய்கள் ஒரே திசையிற் சாய்ந்தன. கொக்குக் கூட்டம் ஒன்று நீரை விட்டு ஒருங்கே எழுந்தாற் போல இருந்தது அக்காட்சி.

அச்சமயத்தில், முன்னணியில் ஓடிய இரு பெரும் படகுகள் எங்கள் இடப்புறமாகத் திரும்பி எங்களை நோக்கி வந்தன. அவை எல்லைக்குள்ளேதான் இருந்தன. ஆயினும் அவற்றின் பாய்கள் வானத்தை மறைப்பன போலத் தோன்றின. கயிறுகள் முறுகும் ஓசையும், மாலுமிகள் கூவும் குரலும் தெளிவாகக் கேட்டன. மேல்தட்டில் இருந்தவர்கள் யாவரும் ஒரே மூச்சில் எழுந்து இடப்பக்கக் கம்பியை நோக்கி ஓடினர்.

வாசகர்களே, நானும் ஓடினேன். காலையில் அறிவுரைகளை மொழிபெயர்த்துச் சொன்ன இதே வாயும், கம்பியிற் பிடிக்கச் சொன்ன இதே கையும், கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு மற்றவர்களின் தோள்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு நின்றன. பேரனைப் பார்த்துக்கொள்ளுமாறு மருமகள் என்னிடந்தான் சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தாள் என்பது என் நினைவில் இல்லை.

படகு சாய்ந்தது. முதலில் மெல்ல, பிறகு நிற்காமல். மேசையிலிருந்த தேநீர்க் கிண்ணங்கள் வழுக்கி விழுந்து உடைந்தன. கூட்டத்துக்கு மேலாகப் பார்க்க எண்ணி வாங்கின்மேல் ஏறி நின்ற பேரன் கால் சறுக்கிச் சரிவிலே உருண்டான். கம்பியின் கீழ்ப்புறத்து இடைவெளியை அவன் கால்கள் தாண்டிவிட்டன. அந்த நொடியிற் படியேறி வந்த அவன் தாய், அவனுடைய உயிர்காப்பு அங்கியின் தோட்பட்டையை எட்டிப் பிடித்தாள். அப்பட்டைதான் அவனை எங்களுக்குத் தந்தது.

ஒலிபெருக்கியிற் படகோட்டியின் குரல் எழுந்தது. “நிற்கும் இடத்திலேயே உட்காருங்கள்! மறுபக்கம் ஓடாதீர்கள்!” அக்குரலில் இருந்த அதிகாரத்துக்கு அனைவரும் கட்டுப்பட்டோம். அவர் படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பினார். பின்னர் ஐந்தைந்து பேராக எழுந்து நடுப்பகுதிக்கு வருமாறு சொன்னார். படகு நிமிர்ந்தது. எவருக்கும் பெருங்காயம் இல்லை.

‘மறுபக்கம் ஓடாதீர்கள்’ என்று அவர் சொன்னதன் நுட்பத்தை மாணவர்கள் சிந்திக்கவேண்டும். நாற்பது பேர் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60 கிலோகிராம் என்றால் 2,400 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ இரண்டரைத் தொன் எடை, படகின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போய்விடுகின்றது. அதுவும் மேல்தட்டில் நிகழும்போது எடை உயரத்தில் இருப்பதால் படகு நிமிர்வதற்கான வலிமை குன்றுகின்றது. பயந்துபோன கூட்டம் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடினால், நிமிரத் தொடங்கிய படகு அந்த வேகத்தோடு மறுபுறம் இன்னும் ஆழமாகச் சாயும். ஆகையால் உட்காருதல் முதலாவது; சிறுசிறு தொகையினராய் நடுவுக்கு வருதல் இரண்டாவது.

இது வெறும் கணக்கன்று. அதே சிட்னித் துறைமுகத்தில் 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி நிகழ்ந்ததைக் கேளுங்கள். ‘லூயிவில்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் விடைபெற்றுச் செல்லும்போது, அதன் மாலுமிகளுக்குக் கையசைத்து வழியனுப்ப ‘ரொட்னி’ என்னும் பயணிகள் படகில் மக்கள் சென்றனர். கப்பலைக் காணும் ஆவலில் மேல்தட்டில் இருந்தோர் ஒரு பக்கமாகக் குவிந்தனர். படகு கவிழ்ந்தது. 19 பேர் மாண்டனர். புயல் இல்லை, பாறை இல்லை, வேறு கப்பல் வந்து மோதவும் இல்லை. அன்பினால் கையசைக்கச் சென்றவர்களின் பாரமே அவர்களைக் கொன்றது. இச்செய்தியைத் திரும்பும் வழியில் எங்கள் படகோட்டியே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. “நல்ல மனிதர்களே ஓடுகின்றார்கள், அதனால்தான் எனக்குப் பயம்” என்றார்.

அதன் பின்னர் நாங்கள் அடங்கி இருந்து மிகுதியைக் கண்டோம். துறைமுகத்தின் வாயிலில் வடமுனை, தென்முனை என்னும் இரு செங்குத்தான பாறைமுனைகள் காவல் நிற்கின்றன. அவற்றைத் தாண்டினாற் பசிபிக் பெருங்கடல். படகுகள் வெளிக்கடலில் இட்ட மிதவையைச் சுற்றி வலப்புறம் திரும்பித் தெற்கு நோக்கி ஓடும். அங்கேயும் தொடர்ந்து போகலாமே என்று சிலர் கேட்டனர். படகோட்டி மறுத்துவிட்டார். பெருங்கடலின் நீண்ட அலையும், பார்வையாளர் படகுகள் கிளப்பும் சிற்றலைகளும், பாறையில் மோதித் திரும்பும் அலைகளும் அவ்வாயிலில் ஒன்றுகூடுகின்றன. துறைமுகத்துக்குள் தாலாட்டுப்போல இருந்த அசைவு அங்கே குடலைப் புரட்டும். அதற்கேற்ற படகும், வாந்தியைத் தாங்கும் உடலும், திரும்பி வர எரிபொருளும் உள்ளவர்களே அங்கே போகவேண்டும்.

பாய்கள் ஒவ்வொன்றாகத் தென்முனைக்கப்பால் மறைந்தன. அப்பொழுது என் நெஞ்சில் ஓர் எண்ணம் தோன்றியது. நாம் மூன்று மணித்தியாலம் தண்ணீரில் இருந்து வீடு திரும்புகின்றோம். இவர்களோ இன்றிரவும் நாளையும் கடலில் இருப்பார்கள். நம் கடற்றொழிலாளர் சோளகம் என்று அழைக்கும் தென்திசைக் காற்று அங்கே திடீரெனப் புயலாய் எழுவதுண்டு. ஆழங்குறைந்த பாஸ் நீரிணையில் அக்காற்று அலைகளைச் சுவர்போல நிமிர்த்திவிடும். 1998ஆம் ஆண்டு 115 படகுகள் புறப்பட்டன. ஹோபார்ட்டை அடைந்தவை 44 மாத்திரமே. ஐந்து படகுகள் மூழ்கின. ஆறு மாலுமிகள் உயிரிழந்தனர். 55 பேரை ஹெலிகொப்டர்களும் கப்பல்களும் மீட்டன. அதன்பின் பாதுகாப்பு விதிகள் பெரிதும் இறுக்கப்பட்டன. எனினும் 2024ஆம் ஆண்டில் இரு வேறு படகுகளில் இருவர், தத்தம் படகின் தட்டிலேயே அடிபட்டு இறந்தனர். கரையிலிருந்து கையசைத்து அனுப்பப்பட்டவர்கள்தாம் அவர்களும். ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொண்டு புறப்படுவோருக்கு, அறியாமையால் வேறோர் ஆபத்தை நாம் கூட்டிக் கொடுத்தல் தகுமோ?

இப்பந்தயத்தையோ இதனையொத்த வேறொன்றையோ காணச் செல்லும் குடும்பத்தினருக்கு நான் சொல்லக்கூடியவை சில. நீந்தத் தெரியாதவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும் கரையிலிருந்து காண்பதிற் குறைவொன்றுமில்லை. சிட்னியிலே வடமுனை, தென்முனை, பிராட்லி முனை ஆகிய உயர்ந்த இடங்களிலிருந்து முழுத் துறைமுகமும் ஓவியம்போலத் தெரியும். நேரத்தோடு சென்றால் முதுகுகளை மாத்திரம் பார்க்கவேண்டிய நிலையும் வராது. படகிற் செல்வோர், அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஆட்களை ஏற்றும் படகில் ஏறவே வேண்டாம். முதல்நாள் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். தலைசுற்று வரும் இயல்புடையவர்கள் வைத்தியர் சொன்ன மாத்திரையைப் புறப்படுமுன்னரே விழுங்கவேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. வெறும் வயிறும் வேண்டாம், பெருந்தீனியும் வேண்டாம். படகின் நடுப்பகுதியிலிருந்து தொடுவானத்தைப் பாருங்கள். இயந்திரப் புகை திரளும் பிற்புறத்திற் பிள்ளைகளை இருத்தாதீர்கள். கடல்நீர் வெயிலைத் திருப்பி எறிவதால், கட்டுக் கயிறுள்ள தொப்பியும் குடிநீரும் அவசியம். படகை ஓட்டுபவர் மதுவைத் தொடலாகாது. இவை யாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இன்ன நேரத்தில் இன்னாருடையது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். பொறுப்பை ஏற்றவர், வானமே இறங்கி வந்தாலும் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது பேரன் காரின் பின்னிருக்கையில் என் பக்கத்தில் இருந்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில், “தாத்தா, நீங்களும் ஓடினீங்கள்தானே?” என்று கேட்டான். குற்றம் சாட்டும் குரலன்று, தெரிந்துகொள்ளும் குரல். “ஓமடா, நானும் ஓடினனான். பிழைதான்” என்றேன். வேறு சமாதானம் சொல்ல எனக்கு நாவெழவில்லை. அவன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். என் கைத்தொலைபேசியில் அந்தப் படம் இன்றும் இருக்கின்றது. ஒரு பாயின் ஓரமும், எவரோ ஒருவரின் காதும் மாத்திரமே அதில் விழுந்திருக்கின்றன.

பின்னொரு விடுமுறையில் அவர்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்குச் சென்றோம். கடல் அமைதியாயிருந்தது. அம்மன் கோவிற் கோபுரம் தென்படத் தொடங்கியதும் பக்தர்கள் கைகூப்பிக்கொண்டு ஒரு பக்கமாக எழுந்தனர். பழக்க தோஷத்தால் நானும் பாதி எழுந்துவிட்டேன். என் சட்டையின் நுனியை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

“இருங்கோ தாத்தா. இங்கையிருந்தும் தெரியுது” என்றான் பேரன்.

இருந்தேன். உண்மைதான், அங்கிருந்தும் கோபுரம் நன்றாகவே தெரிந்தது.